பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கவுன்சலிங் முடியும்வரை தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான். பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சம் கட்டி இடம் வாங்குவதா, கவுன்சலிங்கில் கிடைக்கிற, உறவினர் யாரும் கேள்விப்படாத கல்லூரியில் ஐம்பதாயிரம் கட்டிச் சேர்ப்பதா? பெயர் பெரிது என்றால் கட்டணமும் பெரிதாகத்தான் இருக்கும், கட்டணம் பெரிது என்றால் படிப்பும் நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இந்த வாக்குவாதத்தின் அடியில் கிடக்கிறது. நம் நாட்டில் உச்சியில் உள்ள நிறுவனங்களைப் பார்த்தாலே அது தலைகீழ் என்று தெரிந்துவிடும். ஐ.ஐ.டி.களில் பி.டெக். கல்விக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. அப்போதே பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அந்தக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டது. 1 முதல் 5 லட்சம் வரை உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியிலும், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் (ஜி.சி.டி.) வழக்கமான பாடப்பிரிவுகளின் கட்டணம் ஒரு சாதாரண சுயநிதிக் கல்லூரியின் கட்டணத்தைத் தாண்டாது.

ஆகவே கட்டாஃப் 195-ஐத் தாண்டிய மாணவருக்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பமே இல்லை. சிறந்த பெயரும் குறைந்த செலவும் அவருக்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன. குழப்பம், 150-க்கும் 185-க்கும் இடையில் நிற்கும் மாணவரின் குடும்பத்துக்கு. இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது. என் வாதம் இதுதான்: ஒரு கல்லூரியின் பெயருக்கு வேலைச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, ஆனால் அந்த மதிப்பு, உள்ளே வருபவர்களை அந்தக் கல்லூரி எவ்வளவு கடுமையாக வடிகட்டுகிறது என்பதிலிருந்து வருகிறது. வடிகட்டலில் தேறி உள்ளே போகிறவருக்கு அந்தப் பெயர் முழுதாகச் சேரும். வடிகட்டலுக்குப் பதிலாகப் பணம் கட்டி உள்ளே போகிறவர் பெயரின் முழு விலையைக் கொடுத்து அதன் ஒரு பகுதியை மட்டுமே பெறுகிறார்.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது நியாயம். அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எண்களோடு இறுக்கிப் பிடித்தவர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள். புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் பின்னாளில் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அது கல்லூரி கொடுத்ததா, அந்த மாணவர்களிடம் ஏற்கெனவே இருந்ததா என்பதைப் பிரிப்பதுதான் கடினம். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, பெரிய இடம் கிடைத்தும் அதை விட்டுச் சாதாரண இடத்தில் படித்தவர்களின் வருமானமும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ஏழைக் குடும்பத்து மாணவர்கள் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே வருமானத்தைக் கூட்டியது. பின்னர் அவர்களே செய்த ஆய்வில் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர்களுக்கும் இதே விதிவிலக்கு தெரிந்தது. 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் உச்சியிலுள்ள 12 தனியார் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தபோது, அங்கே படிப்பது சராசரி வருமானத்தைப் பெரிதாக மாற்றவில்லை என்றும், நாட்டின் மிக உயர்ந்த ஒரு சதவீத வருமானக்காரராகும் வாய்ப்பை மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கியது என்றும் கண்டார்கள். பெயர் வேலை செய்கிறது. ஆனால் மிகக் குறுகிய ஓர் உச்சியில், அல்லது வேறு எந்தப் பின்பலமும் இல்லாதவருக்கு.

இந்தியாவைப் பற்றிய ஓர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஷீத்தல் சேக்ரி என்ற பொருளியலாளர் 2020-இல் வெளியிட்டது அது. தேர்வு கடுமையான அரசுக் கல்லூரிகளில் மயிரிழையில் இடம் பிடித்தவர்களையும் மயிரிழையில் இழந்தவர்களையும் அவர் ஒப்பிட்டார். இடம் பிடித்தவர்களுக்குச் சம்பளம் கூடுதலாக இருந்தது. ஆனால் இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கல்லூரி கூடுதலாக எதையும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. பெயருக்கே சந்தை விலை கொடுத்திருக்கிறது. பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்த ஆய்வே பதில். அதே சமயம், இங்கே மதிப்புப் பெற்றது கட்டணம் குறைந்த, வடிகட்டல் கடுமையான அரசுக் கல்லூரியின் பெயர் என்பதைக் கவனியுங்கள். அதிலிருந்து ஆண்டுக்கு நான்கு லட்சம் வாங்கும் எந்த இடத்தின் பெயருக்கும் தாவிவிட முடியாது.

நம் ஊர் நிலவரத்தை இப்போது கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தைக் கவுன்சலிங்குக்குக் கொடுக்கின்றன. மீதி நிர்வாக ஒதுக்கீடு. 2017-இல் மாநிலக் கட்டணக் குழு நிர்ணயித்தபடி தேசியத் தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்டு ஒரே சான்றிதழை வாங்கப்போகும் இருவருக்கு இரு கட்டணம். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங் வழியாக வந்தவருக்கு மட்டுமே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ இந்த வரம்புக்குள் வருவதில்லை. கட்டணத்தை அவையே வைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் நுழைவுத்தேர்வு ரேங்கைப் பொறுத்து ஒரே பாடப்பிரிவுக்கே பல கட்டணப் படிகள் உண்டு. அந்தப் படிகளைக் கூர்ந்து பாருங்கள், உண்மை அங்கேயே எழுதியிருக்கிறது. முதல் படியில் இடம் கிடைத்தால் உங்கள் பிள்ளையின் திறமைக்காகப் பல்கலைக்கழகம் விலையைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள்; அது நல்ல இடம், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் படியில் இடம் கிடைத்தால், ரேங்கில் குறைந்ததை நீங்கள் ரூபாயில் ஈடுகட்டுகிறீர்கள். நான்கு ஆண்டு கழித்து வேலைக்கு ஆளெடுக்க வருபவர் ரசீதைப் பார்க்கமாட்டார். அவர் வைக்கும் தேர்வில் முதல் படி மாணவரும் கடைசிப் படி மாணவரும் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும்.

பெயரைச் சோதிக்க ஒரு நல்ல கருவி இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. செய்தித்தாளில் வரும் ரேங்கை விட்டுவிடுங்கள். அறுபதாம் இடத்துக்கும் எண்பதாம் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து வீட்டை அடகு வைக்கக் கூடாது. அந்த மதிப்பீட்டில் பத்து சதவீதம் பிறர் மனத்தில் உள்ள அபிப்பிராயத்துக்கே போகிறது. நமக்கு வேண்டியது, பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைக்க வேண்டிய தரவுக் கோப்பு. அதில் நான்கு ஆண்டுப் படிப்புக்கான அட்டவணையில் முதலாண்டு இடங்கள், சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும். புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு: 600 பேர் சேர்ந்தார்கள், 480 பேர் அரியர் இல்லாமல் காலத்தில் முடித்தார்கள், 300 பேர் வேலை பெற்றார்கள், 60 பேர் மேலே படிக்கப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 4 லட்சம். இதே கல்லூரியின் விளம்பரப் பலகையில் '95 சதவீத வேலைவாய்ப்பு, அதிகபட்ச பேக்கேஜ் 40 லட்சம்' என்று இருக்கலாம். தகுதியுள்ளவர்கள் என்று தாங்களே பிரித்தெடுத்த சிலரை அடியில் வைத்து வகுத்தாலோ, ஒரே மாணவருக்கு வந்த மூன்று அழைப்புகளை மூன்றாக எண்ணினாலோ அந்த விகிதம் வந்துவிடும். நீங்கள் 600-ஐ அடியில் வைத்துப் பாருங்கள். வேலை பெற்றவர்கள் பாதிப் பேர். இடைநிலை என்றால் வேலை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்கு அதற்குக் கீழ். ஆகவே சேர்ந்தவர்களில் 4 லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவர் நாலில் ஒருவர். உங்கள் பிள்ளை அந்த நாலில் ஒருவராக இருப்பாரா என்று கேட்டுக்கொண்டு, பதிலை நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பார்க்கலாம்; ஒரே வினாத்தாளை எழுதும் கல்லூரிகளை ஒப்பிட அதைவிட நேரான அளவு கிடையாது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது கடன். கல்விக் கடன் கிடைக்கும், அவன் வேலைக்குப் போய்க் கட்டிக்கொள்வான் என்று சொல்லிவிடுகிறோம். கட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 10 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. வட்டி மட்டும் தனிவட்டியாக ஏறிக்கொண்டிருக்கும். முதல் ஆண்டு வாங்கிய தொகைக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் மூன்றரை லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் பதின்மூன்றரை லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 17,840 ரூபாய் வேண்டும்; அடைத்து முடிக்கும்போது கையை விட்டுப் போனது 21 லட்சத்துக்கு மேல். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. கைக்கு வருவது மாதம் 25,000-ஐ ஒட்டி. சென்னையிலோ பெங்களூருவிலோ அறை வாடகையும் சாப்பாடும் போக அந்தத் தவணை எங்கிருந்து வரும்? அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து, அம்மாவின் நகையிலிருந்து, தங்கையின் படிப்புக்கு வைத்திருந்ததிலிருந்து வரும். கடனில் கையெழுத்துப் போடும் நாளில் தங்கையை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

நான் சொல்லும் வரம்பு எளிது. அந்தக் கல்லூரியில், முடிந்தால் அந்தப் பாடப்பிரிவிலேயே, இடைநிலை ஆண்டுச் சம்பளம் எவ்வளவோ அதற்கு மேல் மொத்தக் கடன் போகக் கூடாது. ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளம், 4 லட்சம் கடன் என்றால் தவணை மாதம் 7,150 ரூபாய்க்குள் அடங்கும். கைக்கு வருவதில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் பிணையும் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம் என்கிற எல்லையும் அந்த 4 லட்சம்தான். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையில்லாக் கடன் தரும் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அதில் 8 லட்சம் வருமானம் வரை, 10 லட்சம் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. இவற்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஆனால் கடன் எளிதாகக் கிடைப்பது வேறு, அதை எளிதாக அடைக்க முடிவது வேறு. சேமிப்பிலிருந்தே கட்டிவிடக்கூடிய குடும்பத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. அவர்கள் வசதிக்காகவும் மன நிறைவுக்காகவும் கூடுதலாகக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

சிறிய கல்லூரிக்கு நிறுவனங்களே வராதே என்பது முதல் மறுப்பு. உண்மையான மறுப்பு, பல கல்லூரிகளுக்கு நிஜமாகவே யாரும் வருவதில்லை. அதனால்தான் அட்டவணையைப் பார்க்கச் சொன்னேன். வேலை பெற்றவர் எண்ணிக்கை நூற்றுக்கு இருபது என்றால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம். அதே நேரம், நிறுவனங்கள் கல்லூரிக்கு வருவது ஒன்றே வேலைக்கான வாசல் இல்லை. டி.சி.எஸ். தன் தேசியத் தகுதித் தேர்வை எந்தக் கல்லூரி மாணவரும் எழுதும்படி வைத்திருக்கிறது. ஜோஹோ சொந்தத் தேர்வில் நிரல் எழுதச் சொல்லி ஆளெடுக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றுக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணே அனுமதிச் சீட்டு. டி.என்.பி.எஸ்.சி. பொறியாளர் தேர்வில் கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. இந்த வாசல்களுக்கு உழைப்பும் நேரமும் தேவை. கடன் அழுத்தத்தில் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பின்பலம் இல்லாதவருக்குத்தான் பெயர் அதிகம் உதவுகிறது என்று ஆய்வுகளே சொல்லும்போது, ஏழை மாணவரைச் சிறிய கல்லூரிக்கு அனுப்பச் சொல்வது அநியாயம் அல்லவா? ஆம், அவருக்குப் பெயர் தேவை. வேலைக்குப் பரிந்துரைக்க மாமாவோ பெரியப்பாவோ இல்லாதவருக்குக் கல்லூரியின் பழைய மாணவர்களே உறவு. ஆனால் அவருக்குத் திறந்திருக்கும் பெயர் அரசு நிறுவனங்களின் பெயர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்கள் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள், பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், கோவை சி.ஐ.டி. போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகள் எல்லாவற்றையும் முதலில் எழுதிவிட்டுத்தான் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு வர வேண்டும். பெயருக்காகக் கூடுதல் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இந்த ஓரிடத்தில்தான். கிண்டியில் இடம் வரும் மகளை, ஹாஸ்டல் செலவையும் தூரத்தையும் காரணம் காட்டி வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பது இன்றும் நடக்கிறது. அண்ணன் என்றால் அனுப்பியிருப்பார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மீதியைக் கடன் வாங்கியாவது கட்டலாம், அந்தக் கடன் மேலே சொன்ன வரம்புக்குள் நிச்சயம் அடங்கும்.

துறைக்குத் துறை கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்.பி.ஏ.வில் பெயர்தான் ஏறக்குறைய எல்லாம். நடுத்தரக் கல்லூரியில் பெரும் கட்டணம் கட்டுவதைவிட ஓராண்டு காத்திருந்து மறுபடி நுழைவுத்தேர்வு எழுதலாம். எம்.பி.பி.எஸ்.ஸில் மருத்துவராகப் பெறும் பதிவு எல்லாருக்கும் ஒன்றே, முதுநிலை இடம் நீட் தேர்வால் தீர்மானமாகிறது. பொறியியலிலும் அறிவியலிலும் இன்னொரு வாய்ப்பு நான்கு ஆண்டு கழித்து வருகிறது. கேட் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, பி.எஸ்சி. முடித்தவருக்கு அங்கே எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பெயருக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் கடைசியாகப் படித்த இடம்தான்.

கடைசியாக, நாட்காட்டியைப் பற்றி. தனியார் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே இடத்தை உறுதிசெய்யப் பணம் கேட்கின்றன. கவுன்சலிங் அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடிகிறது. இடையில் கட்டிவிட்ட ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ, ஜி.சி.டி.யில் இடம் கிடைத்த பிறகும் கையைக் கட்டிப்போடுகிறது. போட்ட பணம் போய்விடுமே என்று நாலு ஆண்டுக்கும் சேர்த்து இழக்கிறார்கள். அந்த முன்பணத்தை இழந்தாலும் நான்கு ஆண்டுக் கட்டணத்தில் மீதியெல்லாம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். பல நேரங்களில் இழக்க வேண்டியதுகூட இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் சிறு நடைமுறைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் கேட்கும் எந்தத் தொகையும் 1992-ஆம் ஆண்டின் நன்கொடைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். பணம் கட்டும் முன் நான்கு ஆண்டுக்குமான கட்டணம், ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், விடுதி, மெஸ், பேருந்து, தேர்வுக் கட்டணம், விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். கேட்டும் தராத இடத்தில் அன்று பணம் கட்ட வேண்டாம். கவுன்சலிங்கின் முதல் சுற்று முடியட்டும்.